ஆண் திருக்கைக்கும் பருவம் உண்டா? குன்னூரில் அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

நீலகிரியில் இருக்கும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து மேட்டுப்பாளையம் மலைப்பாதை ஏறியும், கேரளக் கரையிலிருந்து நாடுகாணி வழியாகக் கூடலூர் வந்தும் மீன் நம் மார்க்கெட்டை எட்டிவிடுகிறது. திருக்கை வரும் நாளில் கடை முன்னால் ஒரு சின்னக் கூட்டமே நிற்கும். தட்டையான உடம்பையும் சாட்டை மாதிரி வாலையும் பார்த்ததும் கேள்விகள் தொடங்கிவிடும்.

நான் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், மீன் வெட்டும் அண்ணன்மார் என்று யார் கேட்டாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன்.

"மிஸ், வாலுக்குப் பக்கத்துல ரெண்டு விரல் மாதிரி தொங்குதே, அது என்ன? இன்னும் ரெண்டு வாலா?"

வால் இல்லை. அது இருந்தால் மீன் ஆண். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னதாக இடுப்புத் துடுப்புகள் இருக்கும். ஆணுக்கு அந்தத் துடுப்புகளின் உள்விளிம்பு நீண்டு, குருத்தெலும்பு கோத்த இரண்டு தண்டுகளாக மாறியிருக்கும். அதற்குக் கிளாஸ்பர் என்று பெயர். பெண்ணுக்கு வெறும் துடுப்பு மட்டும்தான்.

சுறாவுக்கும் இதே கதைதான். சுறா, திருக்கை, ரம்பம் மாதிரி மூக்கு நீண்ட வேளா எல்லாம் எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு உள்ள ஒரே கூட்டம். அதனால் இந்தக் கூட்டத்தில் ஆண் பெண் பிரித்துப் பார்ப்பது மிக எளிது. மீனைத் திருப்பிப் போட்டு அடிவயிற்றுப் பக்கம் பார்த்தால் போதும்.

"மீனுக்கு எதுக்கு இது? மீன்னா தண்ணியில முட்டை விட்டுட்டுப் போயிடும்தானே?"

கெண்டை, மத்தி மாதிரி எலும்பு மீன்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பெண் முட்டையைத் தண்ணீரில் விடும், ஆண் அதன்மேல் விந்தை விடும். திருக்கையில் கருவுறுதல் பெண்ணின் உடம்புக்குள் நடக்கிறது. விந்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் உறுப்பு வேண்டும், அதுதான் கிளாஸ்பர்.

கொட்டும் திருக்கைகள் முட்டையே இடுவதில்லை, குட்டி போடுகின்றன. கருப்பையின் உட்சுவர் சுரக்கும் பால் போன்ற சத்து நீரைக் குடித்துத்தான் குட்டி வளர்கிறது. வயிற்றை அறுக்கும்போது உள்ளே வாலைச் சுருட்டிக்கொண்டு குட்டிகள் கிடப்பதை மீன் வெட்டுபவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள்.

"ரெண்டு இருக்கே, ரெண்டையும் ஒண்ணா பயன்படுத்துமா?"

பொதுவாக ஒரு தடவைக்கு ஒன்றுதான். இணையும்போது ஒரு கிளாஸ்பர் முன்பக்கமாக மடங்கித் திரும்பும். அதன் நீளத்துக்கும் ஒரு பள்ளம் ஓடுகிறது. வெற்றிலையைச் சுருட்டின மாதிரி விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அந்தப் பள்ளத்தை மூடிக் குழாயாக்குகின்றன. விந்து அதன் வழியாகப் போகிறது. கிளாஸ்பரின் அடியில் ஒரு சுரப்பியும் உண்டு, இணையும் நேரத்தில் அதன் நீர்மம் உதவுகிறது.

"சில ஆணுக்கு அது குட்டையா மெத்துன்னு இருக்கு, சிலதுக்கு நீளமா கெட்டியா இருக்கு. சீசன்தானே காரணம்?"

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். காரணம் சீசன் இல்லை, வயது. குஞ்சு ஆணுக்குக் கிளாஸ்பர் இடுப்புத் துடுப்புக்கு வெளியே தெரிவதே அரிது. தொட்டால் காது மடல் போல வளையும். பருவம் எட்டும்போது விறுவிறுவென்று நீண்டு, உள்ளே இருக்கும் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறி விறைத்துவிடும். ஒருமுறை விறைத்தால் அப்படியேதான் இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு மெத்தென்று ஆகித் திரும்பக் கெட்டியாவதில்லை. மீன்வள ஆய்வாளர்கள் ஓர் ஆண் மீன் பருவமடைந்ததா என்று பார்க்க முதலில் செய்வதும் இதைத்தான்: கிளாஸ்பரின் நீளத்தை அளப்பார்கள், வளைத்துப் பார்ப்பார்கள்.

இணையும் காலத்தில் நுனி சிவந்து சற்று வீங்கியிருப்பது உண்டு. அது உரசலால் வருவது. உறுப்பின் அளவோ அமைப்போ மாறுவதில்லை.

"அப்போ விந்தகம் எங்கே இருக்கு? குடல் எடுக்கும்போது நாங்க பார்த்ததே இல்லையே"

பார்த்திருப்பீர்கள், இன்னதென்று தெரிந்திருக்காது. வயிற்றைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஈரல். திருக்கைக்கு ஈரல் மிகப் பெரியது, மடல் மடலாக வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும். அதையும் இரைப்பையையும் ஒதுக்கிவிட்டு முதுகுப் பக்கம் பாருங்கள். நடுக்கோட்டுக்கு இரண்டு புறமும் வெளிறிய நிறத்தில், மேலெல்லாம் மொட்டு மொட்டாக எழும்பிய சதை மாதிரி இருப்பதுதான் விந்தகம்.

அதோடு ஒட்டியே இன்னொரு வெளிர் நிறச் சதையும் இருக்கும். அது எபிகோனல் உறுப்பு. குருத்தெலும்பு மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது. நமக்கு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை இரத்த அணுக்களை அதற்கு இந்த உறுப்பு உருவாக்கித் தருகிறது. கருவுறுதலுக்கான உறுப்பும் நோய் எதிர்ப்புக்கான உறுப்பும் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு இருப்பது எனக்கு எப்போது பார்த்தாலும் வியப்புதான். சில இனங்களில் விந்தகம் பெருக்கும் காலத்தில் எபிகோனல் உறுப்பு சிறுத்தும், விந்தகம் ஒடுங்கும்போது இது பெருத்தும் காணப்படுகிறது.

விந்தகத்திலிருந்து வெளிவரும் குழாய் சுருள் சுருளாக ஓடி, பிறகு தடித்து, கடைசியில் விந்துப் பையாக அகன்று கழிவுப் புழையில் திறக்கிறது. அங்கிருந்துதான் விந்து கிளாஸ்பரின் பள்ளத்துக்கு வருகிறது.

"சரி, வருஷத்துக்கு வருஷம் மாறுறது எது எது?"

இதைச் சொல்ல ஒரே இனத்தை மாதாமாதம் பார்த்திருக்க வேண்டும். அப்படி மிக விரிவாகப் பார்க்கப்பட்டது அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் வாழும் அட்லாண்டிக் திருக்கை. ஹைப்பனஸ் சபைனஸ் என்பது இப்போதைய அறிவியல் பெயர், பழைய புத்தகங்களில் டஸ்யாட்டிஸ் சபைனா என்று இருக்கும். சின்ன மீன். ஆண் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் வந்தாலே பருவமடைந்துவிடும். அங்கே அது அக்டோபர் வாக்கில் இணைசேரத் தொடங்கி ஏப்ரல் வரை தொடர்கிறது. பெண்ணின் முட்டை வெளிப்படுவது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில்தான். குட்டிகள் கோடையில் பிறக்கின்றன.

முதலில் மாறுவது விந்தகம். ஓய்வுக் காலத்தில் ஒடுங்கிக் கிடக்கும். இணைசேரும் காலத்துக்கு முன்பே பெருக்கத் தொடங்கும், மேலே இருக்கும் மொட்டுகள் பருத்து எழும்பும். ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் நுண்ணிய பைகள் நிறைய உண்டு. ஒரு பையில் இருக்கும் அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தைத் தாண்டும். புதுப் பைகள் மொட்டின் ஒரு விளிம்பில் தோன்றி, முதிர முதிர எதிர் விளிம்பை நோக்கி நகரும். அதனால் விந்தகத்தை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஒரு பக்கம் குழந்தை அணு, நடுவில் பாதி வளர்ந்தது, மறுபக்கம் திருகு மாதிரித் தலை முறுக்கிய முழு விந்தணு என்று வரிசை கலையாமல் தெரியும். எந்தக் கட்டத்துப் பைகள் அதிகம் என்று பார்த்தே அந்த மீன் பருவத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். ஓய்வுக் காலத்து மீனில் முதிர்ந்த பைகள் அருகிவிடும்.

அடுத்தது குழாய்கள். பருவத்தில் விந்துக் குழாயும் விந்துப் பையும் வெண்மையான நீர்மத்தால் உப்பியிருக்கும். மற்ற காலத்தில் சுருங்கி வெறும் நூல் மாதிரித் தெரியும். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

"ஆண் திருக்கைக்குப் பல்லே மாறுமாமே, நிஜமா?"

நிஜம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்ள இடம் இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கையின் பற்கள் தட்டையானவை, நெருக்கமாகப் பதித்த கற்கள் மாதிரி வரிசை வரிசையாக இருக்கும். நண்டு, இறால், சிப்பி, புழு எல்லாவற்றையும் நசுக்கித் தின்ன அதுதான் தோது. பெண் அட்லாண்டிக் திருக்கைக்கு ஆண்டு முழுவதும் இந்தத் தட்டைப் பல்தான். ஆணுக்கும் ஓய்வுக் காலத்தில் அப்படியே. ஆனால் இணைசேரும் காலம் நெருங்கும்போது ஆணுக்கு முளைக்கும் புதுப் பற்கள் கூராக, உள்பக்கம் வளைந்த முனையோடு வருகின்றன. பருவம் முடிந்ததும் திரும்பத் தட்டைப் பற்கள் முளைத்து அந்த இடத்தைப் பிடிக்கின்றன. இதை ஸ்டீபன் கஜியுராவும் டிமதி டிரைக்காஸும் 1996-இல் மாதவாரியாக அளந்து வெளியிட்டார்கள்.

கூர்ப்பல் எதற்கு? திருக்கைக்குக் கை கிடையாது, பெண்ணின் உடம்போ வழுக்கும் தட்டு. ஆண் பெண்ணின் துடுப்புத் தட்டின் பின்விளிம்பை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் புரண்டு வயிற்றோடு வயிறு சேர்ந்தால்தான் கிளாஸ்பர் போய்ச் சேர முடியும். தட்டைப் பல்லை விடக் கூர்ப்பல் நன்றாகப் பிடிக்கிறது. சாப்பாட்டுக்காக வந்த மாற்றமோ என்று சந்தேகம் வரலாம். ஆனால் ஆணும் பெண்ணும் தின்பது ஒன்றேதான், பல் மாறினாலும் இரை மாறவில்லை. ஆக, ஒரு வாய் ஆண்டின் ஒரு பாதியில் முழுக்கச் சாப்பாட்டுக் கருவி, மறு பாதியில் இணைசேரும் கருவியும் கூட. பெண் திருக்கையின் துடுப்பு ஓரத்தில் பிறை வடிவில் பல் தடங்கள் இருந்தால், அடுத்த முறை மீன் வாங்கும்போது அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தத் தடங்களின் எண்ணிக்கையை வைத்தே ஆய்வாளர்கள் இணைசேரும் மாதங்களைக் கணிக்கிறார்கள்.

எல்லா இனத்துக்கும் இப்படி என்று சொல்லிவிடக் கூடாது. சில இனங்களில் பருவமடைந்த ஆணுக்குப் பல் கூர்மையாகவே நிலைத்துவிடும், திரும்பத் தட்டையாகாது.

"கடமானுக்குக் கொம்பு விழுந்து முளைக்கிற மாதிரியா மிஸ்?"

கேத்தியிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டது, நல்ல கேள்வி. காரணம் இரண்டிலும் ஒன்றுதான்: ஆண் ஹார்மோன் ஏறி இறங்குவதற்கு ஏற்ப உடம்பின் கெட்டியான ஒரு பகுதி மாறுகிறது. நம் காட்டில் வரையாட்டுக் கிடாவுக்கு முதுகில் வெள்ளிப் பட்டை தெரிகிறதே, அது வயதோடு வருவது. அதைக் கிளாஸ்பர் பக்கம் வைக்கலாம், கடமான் கொம்பைப் பல் பக்கம் வைக்கலாம்.

வேறுபாடும் உண்டு. கடமானுக்குக் கொம்பு மொத்தமாக உதிர்ந்து, கொம்பில்லாமல் கொஞ்ச காலம் திரிந்து, பிறகு வெல்வெட் தோலோடு புதிதாக வளர வேண்டும். திருக்கைக்குப் பல் இல்லாத காலமே கிடையாது. சுறா மாதிரியே அதற்கும் பின்வரிசையில் புதுப் பல் முளைத்துக்கொண்டே இருக்கும், முன்வரிசை உதிர்ந்துகொண்டே இருக்கும். ஹார்மோன் மாற்றுவது அடுத்து முளைக்கும் பல்லின் வடிவத்தை மட்டும்தான். அதனால் மாற்றக் காலத்தில் பிடிபட்ட ஆணின் தாடையில் முன்னால் ஒரு வகை, பின்னால் இன்னொரு வகை என்று இரண்டும் கலந்து இருக்கும்.

"மாசம் பொறந்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

பகலின் நீளமும் தண்ணீரின் வெப்பமும்தான் முக்கியமான அடையாளங்கள். அதை மூளை உணர்ந்து ஹார்மோன் வழியாக விந்தகத்தைத் தூண்டுகிறது, விந்தகம் டெஸ்டோஸ்டீரோனையும் அதன் உறவான மற்ற ஆண் ஹார்மோன்களையும் சுரக்கிறது.

அட்லாண்டிக் திருக்கையின் இரத்தத்தில் இந்த அளவு ஒரே சீராக ஏறி இறங்குவதில்லை. இரண்டு பருவங்களுக்கு நடுவே அடங்கிக் கிடக்கிறது. விந்தணு உருவாகத் தொடங்கி விந்தகம் வளரும்போது ஒருமுறை ஏறுகிறது. பிறகு குறைகிறது. இணைசேர்தல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் இரண்டாம் முறை ஏறுகிறது. முதல் ஏற்றம் விந்து தயாரிக்க, இரண்டாம் ஏற்றம் அந்த ஆணைப் பெண்ணைத் தேடி அலைய வைக்க என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன். கொஞ்சம் எளிமைப்படுத்தியதுதான், ஆனால் மனதில் நிற்கும்.

"பெண் மீன் மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்குமே, அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

மின்சாரத்தால். எந்த உயிருக்கும் உடம்பைச் சுற்றி மிக மெல்லிய மின்புலம் இருக்கிறது, மூச்சு விடும்போது அது ஏறி இறங்கும். திருக்கையின் தோலில், வாயைச் சுற்றி அதிகமாக, கூழ் நிரம்பிய நுண்ணிய குழாய்கள் திறந்திருக்கின்றன. அவற்றுக்கு லொரன்சினி குழல்கள் என்று பெயர். அவை அந்த மின்புலத்தை உணர்கின்றன. மணலுக்குள் புதைந்திருக்கும் இரையைப் பிடிக்கவும், புதைந்திருக்கும் துணையைத் தேடவும் ஒரே கருவிதான்.

பருவத்தோடு இதற்கும் தொடர்பு உண்டு. அட்லாண்டிக் திருக்கையில் ஆண் ஹார்மோன் ஏறும்போது இந்தக் குழல்கள் மெதுவாக அலையும் சிக்னல்களை, அதாவது மூச்சின் தாளத்தில் வரும் சிக்னல்களை, இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன. முந்தைய பதிலில் சொன்ன இரண்டாம் ஏற்றத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். பல், புலன், விந்தகம் என்று உடம்பின் மூன்று மூலைகளும் ஒரே ஹார்மோனின் சொல் கேட்டு நடக்கின்றன.

"அது அமெரிக்கா கதை. நம்ம கடல்ல குளிர்காலமே இல்லையே, இங்கேயும் அப்படியா?"

அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபுளோரிடாவில் குளிருக்கும் கோடைக்கும் தண்ணீர் வெப்பம் வெகுவாக மாறும். மன்னார் வளைகுடாவிலோ கேரளக் கரையிலோ அவ்வளவு மாறாது. வெப்பக் கடல்களில் வாழும் திருக்கை இனங்கள் பலவற்றில் ஆண்டின் எந்த மாதத்திலும் விந்து நிறைந்த ஆண்கள் கிடைக்கின்றன. உச்சம் என்று சில மாதங்கள் இருக்கலாம், ஆனால் முழு ஓய்வு என்று ஒன்று தெளிவாகத் தெரியாது. இனத்துக்கு இனமும் மாறும்.

வெப்பம் மாறாத இடத்தில் வேறு ஏதாவது நாட்காட்டியாக அமையலாம். தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றில் நன்னீரிலேயே வாழும் பொட்டமோட்ரைகன் திருக்கைகள் இருக்கின்றன. அவற்றின் இனப்பெருக்கம் ஆற்றில் வெள்ளம் ஏறி இறங்கும் சுழற்சியை ஒட்டி நடக்கிறது. நம் பக்கம் பருவமழையும், அதோடு வரும் இரைப் பெருக்கமும் கவனிக்க வேண்டியவை.

"அப்போ எந்த மாசம் மார்க்கெட்டுல சீசன் ஆணைப் பார்க்கலாம்?"

மார்க்கெட்டை வைத்துப் பருவத்தைக் கணிக்க முடியாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நேரத்தில் நமக்கு மேற்குக் கரை மீன் அதிகம் வரும். பிறகு ஜூன், ஜூலையில் கேரளத்தில் டிராலிங், அதாவது இழுவலை மீன்பிடிப்பு, தடை வந்ததும் தலைகீழாகும். ஆக, ஒரே கடையில் ஒரு மாதம் வங்கக் கடல் மீன், இன்னொரு மாதம் அரபிக் கடல் மீன். அதிலும் பல இனங்கள் கலந்து வரும். கூடலூர்க் கடையில் திரண்டி என்று சொல்லி விற்பதும் இங்கே திருக்கை என்று விற்பதும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கரை, ஒரே இனம், பன்னிரண்டு மாதமும் தொடர்ந்து பார்த்தால்தான் அது கணக்கு.

"ஆண் திருக்கை சாப்பிட்டா, அதுவும் சீசன்ல, ஆண்மை கூடும்னு சொல்றாங்களே?"

கூடாது. கிளாஸ்பரைப் பார்த்துக் கிளம்பிய பேச்சு இது. கிளாஸ்பர் பெரும்பாலும் குருத்தெலும்பும் தோலும்தான், அதில் ஹார்மோன் சேமிப்பு எதுவும் இல்லை. சதையில் இருக்கும் மிகக் கொஞ்ச ஹார்மோனும் நம் குடலையும் ஈரலையும் தாண்டும்போது சிதைந்துவிடும். யாராவது அதைக் காயவைத்து மருந்து என்று விற்றால் வாங்காதீர்கள். பிரச்சினை இருப்பவர் டாக்டரைப் பார்ப்பதுதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திருக்கையில் புரதம் நிறைய, முள் தொல்லை இல்லை.  ஆணும் பெண்ணும் சத்தில் ஒன்றுதான்.

"சீசன் ஆண் மீன்லதான் அந்த மூத்திர வாடை அடிக்குதா?"

இல்லை, ஆண், பெண், குஞ்சு எல்லாவற்றிலும் அடிக்கும். கடல்நீரின் உப்பைச் சமாளிக்கச் சுறாவும் திருக்கையும் இரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கின்றன. மீன் செத்த பிறகு பாக்டீரியா அந்த யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. அதுதான் மூக்கைத் துளைக்கும் வாடை. கடற்கரையிலிருந்து மலையேறி வரும் மீனில் நேரம் கூடுவதால் நமக்கு இது அதிகமாகத் தெரிகிறது. லேசான வாடை என்றால் மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்து, நாலைந்து தண்ணீரில் அலசி, புளி கூட்டிக் குழம்பு வையுங்கள். புளியின் அமிலம் அமோனியாவை அடக்கிவிடும். கண் எரியும் அளவுக்கு அடித்தால் வாங்க வேண்டாம்.

"வால்ல இருக்கிற முள்ளும் சீசனுக்கு மாறுமா?"

அட்லாண்டிக் திருக்கையில் பழைய முள்ளுக்கு அருகே ஆண்டுதோறும் கோடையில் புது முள் முளைத்து, பழையது விழுந்துவிடுகிறது. ஆனால் இது ஆண், பெண் இரண்டுக்கும் நடப்பது, இனப்பெருக்கத்தோடு சேர்க்க வேண்டாம். செத்த மீனின் முள்ளிலும் விஷத் தோல் இருக்கும். கடையிலேயே வாலை வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

"ஆணே இல்லாம திருக்கை கர்ப்பமாச்சுன்னு நியூஸ் வந்துச்சே, அப்போ இவ்வளவும் எதுக்கு?"

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சின்ன மீன் காட்சியகத்திலிருந்து வந்த செய்தி அது. சார்லட் என்ற பெண் திருக்கை ஆணோடு சேராமலே கர்ப்பம் என்றார்கள். குட்டி பிறக்கவே இல்லை. சில மாதம் கழித்து அதற்கு இனப்பெருக்க உறுப்பில் நோய் என்று அவர்களே அறிவித்தார்கள், அந்த ஆண்டே அது இறந்தும் போனது. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் ஆண் இல்லாமல் குட்டி பிறப்பது என்பது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் ஒமாஹா உயிரியல் பூங்காவில் 2001-இல் பிறந்த ஒரு சுறாக் குட்டிக்குத் தகப்பனே இல்லை என்று மரபணுச் சோதனையில் உறுதியாகி, 2007-இல் வெளியானது. ஃபுளோரிடாவின் ஆற்றில் திரியும் வேளா மீன்களிலும் இப்படிப் பிறந்தவை இருப்பது 2015-இல் தெரியவந்தது. அப்படிப் பிறக்கும் குட்டிக்குத் தாயின் மரபு மட்டும்தான் கிடைக்கிறது. பல தலைமுறை தாக்குப்பிடிக்கப் பலவகை மரபு வேண்டும், அதற்கு ஆண் வேண்டும்.

"ஒரு ஆண் மீனைக் கையில வச்சுக்கிட்டு, இது பருவத்துல இருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது?"

முதலில் கிளாஸ்பரை வளைத்துப் பாருங்கள். மெத்தென்று வளைந்தால் குஞ்சு, அதோடு விட்டுவிடலாம். கெட்டியாக இருந்தால் பருவமடைந்தது என்று மட்டும் தெரியும், இப்போது இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்று தெரியாது. பிறகு கழிவுப் புழைக்கு மேலே அடிவயிற்றைப் பின்பக்கமாக மெதுவாக அழுத்துங்கள். பால் மாதிரி வெள்ளையாகக் கசிந்தால் விந்துப் பை நிரம்பியிருக்கிறது. கீழ்த்தாடைப் பல்லின்மேல் ஒரு பேனா மூடியை உள்ளிருந்து வெளியே இழுங்கள். சொரசொரவென்று மாட்டினால் கூர்ப்பல், வழுக்கிக்கொண்டு வந்தால் தட்டைப் பல். பல் நிலைத்துவிடும் இனங்களும் உண்டு என்று மேலே சொன்னதால் பல்லை மட்டும் நம்பக் கூடாது.

கடைசியாக, வெட்டும்போது விந்தகத்தைப் பாருங்கள். பருத்து மொட்டு மொட்டாக இருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்று. விலங்கு அறுத்துப் பார்ப்பதைக் கல்லூரிகள் கைவிட்டுவிட்ட இந்தக் காலத்தில், எப்படியும் குப்பைக்குப் போகும் இந்தக் குடல் பிள்ளைகளுக்கு நல்ல பாடம். வெட்டுகிற அண்ணனிடம் முன்னாலேயே சொன்னால் முழுசாக எடுத்துத் தருவார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முள்ளை முதலில் எடுத்துவிடுங்கள்.

"பருவத்துல இருக்கிற ஆணைப் பிடிக்காம விட்டா இனம் பெருகிடுமா?"

ஆணைக் காப்பாற்றுவதால் மட்டும் பெருகாது. ஓர் ஆண் பல பெண்களோடு சேர முடியும். எண்ணிக்கையைக் கட்டிப்போடுவது பெண்தான். அட்லாண்டிக் திருக்கை ஓர் ஈற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு குட்டிதான் போடும், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை. மத்தி பல்லாயிரக்கணக்கில் முட்டை விடுவதோடு இதை ஒப்பிட்டால் திருக்கை ஏன் சீக்கிரம் அருகிப்போகிறது என்று புரியும். டிராலிங் வலைக்கு ஆண், பெண், குஞ்சு என்ற பேதமும் இல்லை. வேளா மீனும் கங்கைத் திருக்கையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன, அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

வாங்குகிற நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளாஸ்பர் மெத்தென்று இருக்கும் குஞ்சு ஆண்களையும், அதே அளவில் இருக்கும் குட்டிப் பெண்களையும் வாங்காதீர்கள். அவை ஒருமுறைகூட இனம் பெருக்காதவை. "குட்டித் திருக்கை வேண்டாம்ணே" என்று நாலு பேர் தொடர்ந்து சொன்னால், அடுத்த லோடு சொல்லும்போது கடைக்காரர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.